கூட்டப் போகிறீர்களா, இல்லையா?

நிரல் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, இரண்டும் இல்லாத வேறொன்றா? பிளஸ் டூ பாடத்தில் பைத்தான் என்ற நிரல் மொழி இருப்பதால் மாணவர்கள் கேட்டது ஆச்சரியமில்லை. கடைக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் அதில் எனக்குத் தனி சந்தோஷம். என் உதாரணங்களிலும் கல்லாப்பெட்டி வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம் எழுதினேன். 12, 15 கொடுத்தால் 27 வரவில்லை, 1215 வருகிறது. லேபில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கே தப்பு?
– பிளஸ் டூ மாணவி, மேலூர்

சிரித்தவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுப் பார், தங்கச்சி.

பைத்தானில் இன்புட் எதை வாங்கினாலும் அதை எழுத்துத் தொடராகத்தான் கொண்டுவந்து கொடுக்கும். நீ 12 என்று தட்டினாய். நிரலின் கைக்கு வந்தது "12", அதாவது 1 என்ற குறியும் 2 என்ற குறியும் அடுத்தடுத்து. பாடப்புத்தகத்தில் சரம் என்று போட்டிருக்கும், லேபில் ஸ்டிரிங் என்பார்கள். இரண்டு ஸ்டிரிங்குக்கு நடுவில் + போட்டால் முதலாவதன் வாலில் இரண்டாவதை ஒட்டு என்று பொருள். "மேலூர்" + "ரோடு" என்றால் "மேலூர்ரோடு". அதே விதிப்படி "12" + "15" என்றால் "1215". நீ சொன்னதை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

தீர்வு சின்னதுதான். வாங்கிய கையோடு இன்ட்( ) உள்ளே போட்டு முழு எண்ணாக மாற்றிவிடு: இன்ட்(இன்புட்( )). இப்போது 27 வரும். யாராவது 12.5 என்று தட்டினால் இன்ட் மறுத்துப் பிழை காட்டும். தசமம் வரக்கூடிய இடத்தில் ஃபுளோட்( ) போட வேண்டும். "12 ரூபாய்" என்று தட்டினால் இரண்டுமே மறுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே குறி மதிப்பின் வகையைப் பார்த்து வேறு வேலை செய்கிறது என்பது. 12 * 3 என்றால் 36. "12" * 3 என்றால் "121212". வேடிக்கையாகத் தெரியும், ஆனால் பில்லில் மொத்தத் தொகைக்கு மேலே கோடு போட நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்: "-" * 40. "15" - "12" என்று கேட்டால் பைத்தான் பிழை காட்டும், எழுத்தில் எழுத்தைக் கழிப்பதற்கு அதனிடம் வழி இல்லை. "12" + 15 என்று ஒரு பக்கம் எழுத்தும் ஒரு பக்கம் எண்ணும் கொடுத்தாலும் பிழைதான்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல் மொழி இந்த விஷயத்தில் தாராளம். "12" + 15 கொடுத்தால் எண்ணை எழுத்தாக்கி "1215" என்று ஒட்டும். "15" - 12 கொடுத்தால் எழுத்தை எண்ணாக்கி 3 என்று கழிக்கும். உதவி செய்வதுபோலத் தோன்றும். எனக்கு இந்த உதவி வேண்டாம். நிரல் நின்றுபோனால் கடைக்காரர் உடனே போன் போட்டுத் திட்டுவார், சரிசெய்துவிடலாம். தப்பான தொகை பில்லாக அச்சாகி வாடிக்கையாளர் கையில் போய்விட்டால் அது வெளியே தெரியவே மாதக் கடைசி ஆகும்.

சந்தேகம் வந்தால் டைப்( ) உள்ளே போட்டுப் பார். அது இன்ட்டா, ஸ்டிரிங்கா என்று சொல்லிவிடும். பக்கத்து பெஞ்சில் கேட்பதைவிட நம்பகமானது.

மேடம், வாடிக்கையாளர்களின் போன் நம்பரை எக்செல்லில் ஏற்றினோம். 0452 என்று தொடங்கும் மதுரை லேண்ட்லைன் நம்பர்களில் முன்னால் இருக்கும் சைபர் எல்லாம் காணோம். நம்பர் காலம் (நெடுவரிசை) தானே, நம்பர் என்றுதானே வைக்க வேண்டும்?
– மருந்துக் கடை உரிமையாளர், திருமங்கலம்

அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன். இரண்டு வாடிக்கையாளர்களின் போன் நம்பரைக் கூட்டி என்ன செய்யப் போகிறீர்கள்?

எதை எண் வகையில் வைப்பது, எதை எழுத்தாக வைப்பது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். கூட்டுவீர்களா, கழிப்பீர்களா, எது பெரியது என்று பார்ப்பீர்களா? ஆம் என்றால் எண். இல்லை என்றால் அதில் இலக்கம் மட்டுமே இருந்தாலும் அது எழுத்துதான். மாத்திரை இருப்பு எண். விலை எண். போன் நம்பர் எழுத்து. பின்கோடும் எழுத்துதான்: 625001 பக்கத்தில் இன்னொரு பின்கோடு வைத்துச் சராசரி எடுத்தால் எந்தத் தபால்காரரும் அங்கே போகப்போவதில்லை. மாணவர்களின் ரோல் நம்பர், பேட்ச் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இதே கணக்கு. வண்டி நம்பருக்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை. டிஎன் 58 என்று எழுத்தோடு தொடங்குவதால் எக்செல் அதை எண் என்று நினைக்காது.

எண் என்று எடுத்துக்கொண்டால் முன்னால் வரும் சைபருக்கு மதிப்பு கிடையாது. 0452-ம் 452-ம் ஒன்றே. அதனால் எக்செல் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதைவிடப் பெரிய சேதம் நீளமான எண்களில் நடக்கும். 12 இலக்க ஆதார் எண்ணை அப்படியே தட்டினால் நடுவில் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும். அதில் எண் தொலையவில்லை, காட்டுவதுதான் அப்படி. 16 இலக்க எண்ணைத் தட்டினால் உண்மையாகவே தொலையும். எக்செல் 15 இலக்கம்தான் காப்பாற்றும், கடைசி இலக்கம் சைபராகிவிடும். அப்புறம் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போனது திரும்பாது. ஏற்றுவதற்கு முன்பே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும்.

மேற்கோள் குறி இல்லாமல் 0452 என்று பைத்தான் நிரலில் எழுதினால் பைத்தானின் மூன்றாம் பதிப்பு பிழை என்று நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பழைய வழக்கப்படி, சைபரில் தொடங்குவதால் அதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்து 298 என்று வைத்துக்கொள்ளும். நான்கு அறுபத்து நாலு, ஐந்து எட்டு, இரண்டு ஒன்று: போட்டுப் பாருங்கள்.

மருந்துக் கடை என்பதால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலாவதித் தேதியை 05-12-2027 என்று எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தினால் அது 10-01-2027-க்கு முன்னால் வந்து நிற்கும். எழுத்து என்றால் இடமிருந்து ஒவ்வொரு குறியாகத்தான் ஒப்பிடும், 0 என்பது 1-க்கு முன்னால். இதே காரணத்தால்தான் "9" என்ற எழுத்து "10"-ஐவிடப் பெரியது. தேதிக்கென்று தனி வகை இருக்கிறது, அதில் வையுங்கள். எழுத்தாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஆண்டை முன்னால் போடுங்கள்: 2027-12-05.

அக்கா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கமிஷன் கடை. அவருக்காகக் கணக்கு புரோகிராம் எழுதுகிறேன். 0.1 கிலோவும் 0.2 கிலோவும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. தராசு தப்பா, பைத்தான் தப்பா?
– கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

இரண்டுமே தப்பில்லை தம்பி. இதே கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் போட்டாலும் இதே விடைதான் வரும். எல்லாம் 1985-இல் வகுக்கப்பட்ட ஐ ட்ரிபிள் ஈ 754 என்ற ஒரே விதியைப் பின்பற்றுகின்றன.

மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுது. 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும். எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும், நிறுத்திய இடத்தில் கொஞ்சம் குறையும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில், வைக்கிறது. அந்த முறையில் பத்தில் ஒன்று இப்படி முடிவில்லாமல் ஓடும்: 0.000110011001100... ஃபுளோட் வகைக்கு 64 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1) இடம்தான், அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட் துல்லியம். அங்கே வெட்டுகிறார்கள். அதனால் நீ 0.1 என்று எழுதும்போது உள்ளே இருப்பது 0.10000000000000000555 என்று போகிற ஒரு எண், கொஞ்சம் கூடுதல். 0.2-ம் கொஞ்சம் கூடுதல். 0.3 என்று எழுதினால் உள்ளே இருப்பது கொஞ்சம் குறைவு. கூடுதலும் கூடுதலும் சேர்ந்து குறைவானதோடு பொருந்தவில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 0.5, 0.25, 0.125, 0.0625 நான்கையும் கூட்டிப் பார். சரியாக 0.9375 வரும், ஒரு துளி பிசகாது. அவை அரை, கால், அரைக்கால், மாகாணி. நம் பழைய வாய்ப்பாட்டில் பாதி, பாதியில் பாதி என்று இறங்கும் பின்னங்கள் எல்லாம் இரண்டின் அடிமானத்தில் முழுமையாக அடங்கும். ரூபாய்க்கு 16 அணா என்று இருந்தவரை அணாக் கணக்கை ஃபுளோட்டில் போட்டாலும் பிசகியிருக்காது. (தம்பிடிக்கு இறங்கினால் ரூபாயில் 192-இல் ஒரு பங்கு, அங்கே சிக்கல்தான். இருபதில் ஒன்றான மா-வும் அடங்காது.) 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு பைசா வந்தது. மனிதர்களுக்குக் கணக்கு சுலபமானது, ஃபுளோட்டுக்குக் கஷ்டமானது.

சரி, அப்பாவின் கணக்குக்கு வருவோம். எடையைக் கிராமில் வை, பணத்தைப் பைசாவில் வை, இரண்டையும் இன்ட் ஆக வை. 100 + 200 என்றால் எந்தக் காலத்திலும் 300. மல்லி கிலோ 720 ரூபாய் என்று வைத்துக்கொள், 350 கிராம் போகிறது: 72000 பைசா × 350 ÷ 1000 = 25200 பைசா. பத்து சதவீதக் கமிஷன் என்றால் 2520 பைசா. திரையிலோ பில்லிலோ காட்டும்போது மட்டும் நூறால் வகுத்து ரூபாயாகக் காட்டு. வகுக்கும்போது / போட்டால் விடை எப்போதும் ஃபுளோட் ஆகிவிடும், 12 / 4 கூட 3.0 தான். முழு எண்ணாகவே வேண்டும் என்றால் // போடு. அது மிச்சத்தை வெட்டிவிடும் என்பதை நினைவில் வை.

தசமமாகவே வேண்டும் என்றால் டெசிமல் என்று ஒரு வகை பைத்தானோடு வருகிறது. அதற்கு எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும்: டெசிமல்("0.1"). மேற்கோள் இல்லாமல் கொடுத்தால், ஃபுளோட் ஏற்கெனவே வெட்டிய எண்ணைத்தான் அது பத்திரமாக வாங்கி வைக்கும். பிரயோஜனம் இல்லை.

ரவுண்டு( ) பற்றியும் எச்சரிக்கை. ரவுண்டு(2.5) என்றால் பைத்தானில் 2. ரவுண்டு(3.5) என்றால் 4. சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும் என்பது விதி. நிறையக் கணக்குகளைக் கூட்டும்போது ஒரே பக்கம் சாயாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் மார்க்கெட்டில் அதிகாலையில் நிற்கிற வியாபாரியிடம் இதை விளக்க முடியாது. அரை ரூபாய் வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை அப்பாவிடம் கேட்டு நீயே எழுதிவிடு.

அற்ப விஷயத்துக்கு இவ்வளவா என்று நினைக்காதே. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் எதிரி ஏவுகணையைத் தடுக்க வேண்டிய ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி, வந்த ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடி என்பதை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓடியதில் அந்தத் துளி சேர்ந்து ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது.

மேடம், சி மொழியில் ஃபேக்டோரியல் புரோகிராம். 12 வரை சரியாக வருகிறது. 13 கொடுத்தால் 1932053504 வருகிறது, கால்குலேட்டரில் 6227020800. லூப் சரியாகத்தான் இருக்கிறது.
– பொறியியல் முதலாண்டு மாணவர், திருப்பரங்குன்றம்

லூப் சரி. இடம் பற்றவில்லை. (ஃபேக்டோரியல் என்றால் 1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது.)

இன்றைய கணினிகளில் சி மொழியின் இன்ட் வகைக்கு வழக்கமாக 32 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 2147483647, அதாவது 214 கோடியே சொச்சம். 12 ஃபேக்டோரியல் 47 கோடியே 90 லட்சம், அடங்கிவிட்டது. 13 ஃபேக்டோரியல் 622 கோடி. 32 பிட்டுக்கு மேல் போன பகுதி கழன்று விழுந்து மிச்சம்தான் உனக்கு வந்தது. 6227020800-இல் 4294967296-ஐக் கழி, உன் விடை கிடைக்கும். நீ இதில் ஒன்றை எழுதி வைத்துக்கொள்: இப்படித்தான் மிஞ்சும் என்று சி மொழியின் விதி உத்தரவாதம் தரவில்லை. எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதையே அது வரையறுக்கவில்லை. லாங் லாங் என்று மாற்றினால் 20 ஃபேக்டோரியல் வரை போகலாம், 21-இல் மறுபடி இதே கதை. பைத்தானின் இன்ட் நினைவகம் இருக்கும் வரை நீளும். அதனால்தான் பைத்தானில் படித்துவிட்டு சி-க்கு வருகிற பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். டேட்டா டைப் அட்டவணையைப் பைட் அளவோடு மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதில் முதல் வகுப்பிலேயே இந்த 13-ஐப் போட்டுக் காட்டலாம்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்தது. 64 பிட் ஃபுளோட் மதிப்பு ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் போய் இடம் கொள்ளவில்லை. 16 பிட்டில் 32767 வரைதான். பழைய ஏரியான் 4-க்கு எழுதிய நிரல் துண்டு அது. அந்த ராக்கெட்டில் மதிப்பு அவ்வளவு பெரிதாக வந்ததில்லை.

அடுத்து வரப்போவதும் ஒன்று இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு இடம் தீர்ந்துவிடும். அப்போது நீ வேலையில் இருப்பாய்.

ட்ரூ + ட்ரூ என்று அடித்தேன். பைத்தான் 2 என்கிறது. கிண்டலா?
– ஒரு வாசகர், செக்கானூரணி

கிண்டல் இல்லை. ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) என்ற இரண்டே மதிப்பு கொண்ட வகைக்குப் பூலியன் என்று பெயர். பைத்தானில் அது முழு எண் வகையின் ஒரு கிளை. ட்ரூ என்றால் 1, ஃபால்ஸ் என்றால் 0. உபயோகமும் உண்டு: ஒவ்வொரு பில்லும் பாக்கியா இல்லையா என்று ட்ரூ, ஃபால்ஸ் பட்டியல் இருந்தால் அதைச் சம்( ) உள்ளே போட்டால் எத்தனை பாக்கி என்று வந்துவிடும். பூலியனைக் கூட்டுவதற்கு நான் பார்த்த ஒரே நியாயமான காரணம் அதுதான்.

உங்களைக் கவிழ்க்கப் போவது வேறொன்று. ஃபால்ஸ் என்பதை மேற்கோளுக்குள் வைத்து பூல்( ) உள்ளே போடுங்கள், ட்ரூ என்று வரும். காலியாக இல்லாத எந்த எழுத்துத் தொடரும் ட்ரூதான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்காது. 0 என்ற எண் ஃபால்ஸ், "0" என்ற எழுத்து ட்ரூ. எதுவுமே இல்லாத "" ஃபால்ஸ், ஓர் இடைவெளி இருந்தால் ட்ரூ. ஆகவே பயனரிடம் ஆம், இல்லை என்று வாங்கினால் விடை "ஆம்" தானா என்று நேரடியாக ஒப்பிடுங்கள்.

பெயர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரிடமிருந்து வந்தது. 1864-இலேயே இறந்துவிட்டார், பாவம், கம்ப்யூட்டர் எதையும் பார்க்கவில்லை.

தேர்வுக்கு வராத பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியலில் என்ன போடுவது? சைபரா, காலியா? ஏதோ நன் என்கிறார்களே, அதுவா?
– பள்ளி ஆசிரியை, வாடிப்பட்டி

பைத்தானின் நன் (None) தான், டீச்சர். நான்கு பிள்ளைகள்: 40, 35, ஒருவர் வரவில்லை, 45. வராதவருக்குச் சைபர் போட்டால் வகுப்புச் சராசரி 30. எழுதிய மூவரை மட்டும் எடுத்தால் 40. சைபர் என்றால் எழுதி ஒன்றும் வாங்கவில்லை என்று அர்த்தம், வராத பிள்ளைக்கு அது பொருந்தாது. நன் என்பது மதிப்பு இல்லை என்பதைச் சொல்வதற்கென்றே இருக்கும் மதிப்பு.

வராதவர்களுக்கு 999 அல்லது -1 போடும் பழைய பழக்கம் இன்னும் சில அலுவலகங்களில் உண்டு. 999 போட்டால் சராசரி 279.75 என்று வரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். -1 போட்டால் 29.75. பார்க்க நியாயமான எண், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் மோசம்.

நன் போட்ட பட்டியலை அப்படியே கூட்டச் சொன்னால் பைத்தான் பிழை காட்டும். சலித்துக்கொள்ளாதீர்கள். வராதவரை என்ன செய்வது என்று உங்களிடம் கேட்கிறது. நன் இல்லாதவற்றை மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை போட்டால் முடிந்தது. போடத் தவறும் நிரல்கள் எல்லா மொழியிலும் உண்டு. 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நன் போலவே மதிப்பு இல்லை என்று சொல்லும் நல் (null) என்பதைச் சேர்த்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதை நூறு கோடி டாலர் தவறு என்று தானே சொன்னார்.

பைத்தானில் வகையைச் சொல்லவே வேண்டாம் என்று என் பையன் வாதாடுகிறான். அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்?
– ஒரு தாய், அரசரடி

சி-யில் மாறி (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர், வேரியபிள்) என்பது அளவு குறித்து அடித்த டப்பா, பைத்தானில் அது டப்பாமேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. சீட்டுக்கு வகை இல்லை, எதன்மேலும் ஒட்டலாம். உள்ளே இருக்கும் மதிப்புக்கு வகை கண்டிப்பாக உண்டு. பையனை மேலூர்ப் பெண்ணின் கேள்வியைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயம் ஒன்று. "மதுரை" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே? மேலும் என் மாணவர் பட்டியலில் சோழவந்தான் என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள்.
– தமிழாசிரியர், சோழவந்தான்

ஐயா, மூன்று எழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். பைத்தான் எழுத்தை எண்ணவில்லை, யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு.) ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் கொம்பு: ஐந்து. "மீனாட்சி" என்றால் எட்டு. தமிழின் 247 எழுத்துக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் கொடுக்கவில்லை. உயிர்மெய்யில் அகரம் ஏறியதை மட்டும் வைத்து, மற்றவற்றைத் துணைக் குறி சேர்த்து உண்டாக்குகிறது. இதில் உங்களுக்குச் சங்கடம் தரப்போவது மெய்யெழுத்து. இலக்கணப்படி க் மூலம், அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் க தான் மூலம், அதன்மேல் புள்ளிக் குறி சேர்ந்தால் க். அதாவது ஓர் எழுத்தாகிய க்-க்கு நீளம் 2. தலைகீழாக வைத்துவிட்டார்கள் என்று நீங்கள் கோபப்பட்டால் நான் தடுக்க மாட்டேன்.

இந்தக் கணக்கு கடைக்காரர்களையும் பாதிக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறி, தமிழில் 70 தான். அந்த எழுபதும் எழுத்துக் கணக்கல்ல, குறியீட்டுக் கணக்கு. சித்திரைத் திருவிழாத் தள்ளுபடி என்று தொடங்குவதற்குள் பாதிக்குக் கிட்டப் போய்விடும்.

சோழவந்தான் காணாமல் போனதற்குக் காரணம் சோ. ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒப்பிட்டால் பைத்தான் இரண்டும் வேறு என்கிறது, ஒன்றின் நீளம் 10, மற்றதன் நீளம் 11. உங்கள் பட்டியலை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகை மென்பொருளில் தட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். நீளத்தைக் கேட்டுப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்ற வகையைக் கொடுத்தால் இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கிவிடும். பழைய பட்டியலை ஒரு தடவை அதன் வழியாக ஓட்டிச் சேமித்துவிட்டு, இனிமேல் தேடத் தட்டும் சொல்லையும் அதே வழியில் அனுப்புங்கள். எழுத்தை எழுத்தாகவே எண்ண வேண்டும் என்றால் ஓபன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி அதில் கெட்_லெட்டர்ஸ் என்பதைப் பயன்படுத்துங்கள். மதுரையை அது ம, து, ரை என்று பிரித்துத் தரும்.